ஃபெடரல் வேலையில் புதிதாக சூப்பர்வைசர்: பயிற்சிக்கு ஒரு வருடம் காத்திருக்கலாமா?

தாமரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஒன்பது வருடமாக ஒரு ஃபெடரல் ஏஜென்சியில், அதாவது மத்திய அரசுத் துறையில், அனலிஸ்டாக இருந்தேன். போன மாதம் ஜி.எஸ். 14 (மத்திய அரசுச் சம்பளப் படிநிலையில் ஒரு மேல் படி) கிடைத்து, அதே குழுவுக்கே சூப்பர்வைசர் ஆகிவிட்டேன். ஏழு பேர். நேற்று வரை கூட உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டவர்கள்.

பயிற்சி எப்போது என்று ஹெச்.ஆரில் கேட்டால், "ஒரு வருஷத்துக்குள்ள முடிச்சா போதும், அவசரமில்லை" என்கிறார்கள். என் பாஸும் அதையேதான் சொல்கிறார். ஆனால் செப்டம்பர் 30-ஆம் தேதியோடு மதிப்பீட்டு வருடம் முடிகிறது. ஏழு பேருக்கும் ரேட்டிங் நான்தான் எழுத வேண்டும். அதில் ஒருவருடைய வேலை சரியில்லை என்று குழு முழுக்கத் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? பயிற்சி இல்லாமலே நான் எழுதலாமா?

வேணி எழுதியது:

வாழ்த்துகள் தாமரை. பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஹெச்.ஆர். சொன்னதில் தவறில்லை. மத்திய அரசு விதித் தொகுப்பில், 5 சி.எஃப்.ஆர். 412.202-இல் இருப்பது அதுதான். முதல்முறை சூப்பர்வைசர் ஆனவருக்கு ஒரு வருடத்துக்குள் ஏஜென்சி பயிற்சி தர வேண்டும், அதன்பின் மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபடி தர வேண்டும். இதற்கு அடிப்படை 2004-இல் வந்த ஃபெடரல் வொர்க்ஃபோர்ஸ் ஃபிளெக்சிபிலிட்டி சட்டம். பயிற்சி முடியாமல் ரேட்டிங் எழுதக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் அந்த ஒரு வருடம் கடைசிக் கெடு. எதைக் கற்றுத்தர வேண்டும் என்று அதே விதி சொல்வதைப் பாருங்கள்: ஆட்களுக்கு வழிகாட்டுவது, வேலையின் தரத்தை உயர்த்துவது, ரேட்டிங் செய்வது, வேலை சரியில்லாதவரை அடையாளம் கண்டு உதவுவது. இவை அத்தனையும் உங்களுக்கு இந்த செப்டம்பருக்குள் வேண்டும்.

எனக்குப் பயிற்சி கிடைத்தது பதினோராவது மாதம். அதற்குள் ஒரு சுற்று ரேட்டிங் எழுதி முடித்துவிட்டேன். குழுவில் வயதில் மூத்த ஒருவர் இருந்தார். அவர் தரும் அறிக்கைகளில் எண்கள் தப்பும் தவறுமாக இருக்கும். ராத்திரி உட்கார்ந்து நானே திருத்துவேன். முகத்துக்கு நேரே சொல்ல மனசு வரவில்லை. 'ஃபுல்லி சக்ஸஸ்ஃபுல்' (வேலை திருப்தி) என்று ரேட்டிங் போட்டு, கீழே 'நம்பி வேலை கொடுக்கலாம்' என்று ஒரு வரியும் சேர்த்தேன். ஆறேழு மாதத்தில் நிலைமை முற்றியது. பி.ஐ.பி. (குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையைச் சரிசெய்யச் சொல்லும் முறையான திட்டம்) போட வேண்டும் என்று, இந்த நடவடிக்கைகளைப் பார்க்கும் எம்ப்ளாயி ரிலேஷன்ஸ் பிரிவில் போய் நின்றேன். அங்கே இருந்த அம்மா ஃபைலிலிருந்து பழைய படிவத்தை எடுத்து, என் பக்கம் திருப்பி வைத்து, பேனா முனையால் என் கையெழுத்தைத் தொட்டார். "இது நீங்கள் போட்டதுதானே? அதன்பிறகு என்ன மாறியது?" என்னிடம் பதில் இல்லை. மாறவே இல்லை என்பதுதான் உண்மை.

இப்போது இது இன்னும் இறுகிவிட்டது. 2021-இல் சாண்டோஸ் எதிர் நாசா வழக்கில் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இது: சாப்டர் 43-இன் கீழ், அதாவது வேலை சரியில்லை என்ற காரணத்துக்கான சட்டப் பிரிவில், ஒருவரை நீக்கினால், பி.ஐ.பி. காலத்தில் அவர் தேறவில்லை என்று காட்டினால் மட்டும் போதாது. அதற்கு முன்பே அவருடைய வேலை ஏற்கத்தக்கதாக இல்லை என்பதையும் ஏஜென்சி நிரூபிக்க வேண்டும். அந்த 'முன்பே' என்பதற்கு ஆதாரம் சூப்பர்வைசர் எழுதி வைத்ததுதான்.

அதைவிட எனக்கு இன்றும் உறுத்துவது வேறு. கடைசியில் பி.ஐ.பி.யை விட்டுவிட்டு அவரோடு உட்கார்ந்து பேசினேன். தரவுத்தளம் மாறியபோது நடந்த வகுப்புகளில் அவர் இல்லவே இல்லை. மனைவிக்கு ஆபரேஷன், லீவில் இருந்திருக்கிறார். திரும்பி வந்தவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவரும் கூச்சப்பட்டுக் கேட்கவில்லை. ஒரு இளம் அனலிஸ்ட் இரண்டு நாள் பக்கத்தில் இருந்து காட்டினாள். பாதிக்கு மேல் தவறுகள் நின்றுவிட்டன. ஒன்றரை வருடம் அந்த மனிதர் தன் வேலை சரியாக இருக்கிறது என்றே நம்பியிருந்தார், நான் அப்படி நம்ப வைத்திருந்தேன்.

அதனால் பாஸிடம் மறுபடி கேளுங்கள், இந்த முறை எழுத்தில். 'செப்டம்பரில் ஏழு ரேட்டிங் எழுத வேண்டும், அதற்கு முன் பயிற்சி வகுப்பில் எனக்கு இடம் வேண்டும்' என்று தேதியோடு ஒரு மின்னஞ்சல். முந்தைய சூப்பர்வைசரிடம் ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு கேட்டு வாங்குங்கள். வருட நடுவில் ஒரு முறையாவது முன்னேற்றம் பற்றிப் பேசியிருக்க வேண்டும் என்பதும் விதி (5 சி.எஃப்.ஆர். 430.207), அது நடந்ததா என்று பாருங்கள்.

பழனிவேல் எழுதியது:

வேணி மேடம் சொன்னதோடு ஒன்று. நான் யூனியன் பக்கம் இருப்பவன். உங்கள் ஆட்கள் யூனியன் ஒப்பந்தத்துக்குள் வருகிறார்களா என்று முதலில் பாருங்கள், வந்தால் ஒப்பந்தத்தில் ரேட்டிங் பகுதியைப் படியுங்கள். எங்கள் இடத்தில் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை அதைப் படிக்காத சூப்பர்வைசர்களால் வருபவை. நடத்தை பற்றி ஒருவரை விசாரிக்கிறீர்கள், நடவடிக்கை வரலாம் என்று அவர் நியாயமாகவே பயந்து யூனியன் ஆள் வேண்டும் என்கிறார்; அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெயின்கார்ட்டன் உரிமை என்பது இதுதான். வேலையைப் பற்றி வழக்கமாகப் பேசுவதற்கு இது வராது, அதற்குப் பயந்து பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

தாமரை எழுதியது:

ரொம்ப நன்றி, இருவருக்கும். மின்னஞ்சல் போட்டேன். ஆகஸ்ட் வகுப்பில் இடம் கொடுத்துவிட்டார்கள், மூன்று நாள். முந்தையவர் எழுதிய குறிப்பும் வந்தது, ஆனால் நான் சொன்ன அந்த ஒருவருக்கு நடு வருடப் பேச்சு நடந்ததாகப் பதிவே இல்லை. வகுப்பு வரை காத்திருக்கவா, இப்போதே பேசவா?

வேணி எழுதியது:

இப்போதே பேசுங்கள், இந்த வாரமே. ரேட்டிங் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். அவர் சமீபத்தில் கொடுத்த ஒரு அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள், அவருடைய ஸ்டாண்டர்ட்ஸ் தாளை (வேலை எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பது) பக்கத்தில் வையுங்கள். எங்கே இடிக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுங்கள். "இதைச் செய்யும்போது எங்கே சிக்குகிறது?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள். அன்று மாலையே என்ன பேசினீர்கள் என்று நாலு வரி எழுதி அவருக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.