பானை செய்ய ஒன்றரை கிலோ மண்ணு எடுத்தா அதோட சுவர் சாயுது, உதவுங்க
பெங்களூர் மக்களே, ஒன்றரை வருஷமா ஸ்டுடியோல வீல்ல (குயவர் சக்கரத்துல) மண்பாண்டம் செய்யக் கத்துக்கிறேன், அரை கிலோல கப்பு, கிண்ணம்லாம் நல்லா வந்துடுது, ஆனா ஒன்றரை கிலோ எடுத்தா சென்டர் ஆகுற (மண்ணு வீல் நடுவுல ஆடாம நிக்கிற) வரைக்கும் சரி, மூணாவது தடவை மண்ணை மேல இழுக்கும்போது பாதி உயரத்துல சுவர் முறுக்கிக்கிட்டு ஒரு பக்கமா சாஞ்சிடுது. கம்பிய வச்சு நெடுக்க அறுத்துப் பார்த்தேன், அடியில மண்ணு கட்டை விரல் தடிமனுக்கு அப்படியே கெடக்கு, மேல தோசை மாதிரி மெலிசு. தண்ணி அதிகமா விடுறேனா, இல்ல இழுக்க இழுக்க ஸ்பீடை குறைக்கணுமா?

அப்புறம் தட்டு காயும்போது நடுவுல எஸ் மாதிரி விரிசல். அடிய நல்லா அழுத்தி விட்டும் ரெண்டு போச்சு, ரொம்ப மனசு கஷ்டமா இருக்கு. ஓரம் முதல்ல காஞ்சிடுறதாலயா?

குயவர்கள் இருக்குற பாட்டரி டவுன் ஏரியாவுல, பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்ற குயவர் அண்ணன் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குன்னாலும் வந்துடுவேன்.