இளைஞர் மன்றக் கூடத்துக்கு எந்த ஃபயர் அலாரம் சரிவரும்?

கேள்வி:
எங்கள் இளைஞர் மன்றக் கூடத்துக்கு ஃபயர் அலாரம் வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஒரு பெரிய கூடம், மேடை, சின்ன சமையலறை, சாமான் அறை, இரண்டு வாசல். மாலையில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், அப்புறம் நடனம், சத்தமாகப் பாட்டு, சில நாள் மேடையில் புகை மெஷின், விடுமுறை முகாம் என்றால் இரவு அங்கேயே படுப்பார்கள். கன்வென்ஷனல் போதும் என்கிறார் ஒருவர், அட்ரஸபிள்தான் என்கிறார் இன்னொருவர். கடையில் விற்கும் பேட்டரி டிடெக்டரை நாலு இடத்தில் மாட்டினால் போதாதா என்றும் குழுவில் பேச்சு. எதை வைத்து முடிவெடுப்பது?

பதில் 1:
பேட்டரி டிடெக்டர் வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் ஒன்றோடொன்று இணைப்பு இல்லாததால் சாமான் அறையில் அது கத்தினால் கூடத்தில் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குக் கேட்காது.

உங்கள் அளவுக்கு கன்வென்ஷனலே வேலை செய்யும், ஆனால் பேனல் (எல்லா டிடெக்டரும் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டி) எந்த ஸோன், அதாவது கட்டடத்தின் எந்தப் பகுதி என்று மட்டும்தான் காட்டும். அட்ரஸபிள் எந்த டிடெக்டர் என்றே சொல்லிவிடும். விலை கூடுதல்தான். இருந்தாலும் புகை மெஷின் இருப்பதால் நான் அட்ரஸபிள் பக்கம்தான் சாய்வேன், மேடைக்கு மேலே இருக்கும் டிடெக்டரை மட்டும் நிகழ்ச்சி நேரத்துக்கு நிறுத்தி, நேரம் முடிந்ததும் தானாகவே இயங்கும்படி வைக்கலாம் (அந்த வசதி இருக்கும் பேனலா என்று கேட்டு வாங்குங்கள்). அது இல்லாத இடங்களில் டிடெக்டரைப் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு எடுக்க மறந்துவிடுகிறார்கள், அன்று ராத்திரி பிள்ளைகள் படுத்தால் என்ன கதி?

சமையலறையில் புகை டிடெக்டர் வைக்காதீர்கள், தாளித்தாலே அடிக்கும். அங்கே ஹீட் டிடெக்டர், 57 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் இயங்குகிற வகை. கூடத்தில் ஆப்டிகல் (ஒளியை வைத்துப் புகையை உணர்வது) அல்லது மல்டி சென்சார் (புகை, வெப்பம் என ஒன்றுக்கு மேற்பட்டதை உணர்வது), பந்து படாமல் கம்பிக்கூண்டு போட்டு.

பதில் 2:
மேலே சொன்னது எல்லாம் சரி. பாட்டுச் சத்தத்தை யாரும் கவனிக்கவில்லையே. ஸ்பீக்கர் முழங்கும்போது எந்த சைரனும் எடுபடாது. அலாரம் அடித்தவுடன் ஆம்ப்ளிஃபயருக்கான மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள், பாட்டு சட்டென்று நின்றாலே எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். காது கேளாத பிள்ளைகளுக்கு மின்னும் விளக்கும் வேண்டும், கழிப்பறையிலும்தான். படுக்கும் இடத்தில் தலைமாட்டில் 75 டெசிபலாவது கேட்க வேண்டும். கதவை மூடிவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. விளையாட்டுக்கு யாராவது பட்டனை அழுத்திவிடுவார்களே, அதனால் வாசலில் கால் பாயிண்டே (தீயைப் பார்த்தவர் கையால் அழுத்தி அலாரம் அடிக்கும் பெட்டி) வேண்டாம் என்கிறார்கள்.

பதில் 1:
அதை எடுக்கவே கூடாது. டிடெக்டருக்கு முன்னால் தீயைப் பார்ப்பது மனிதர்தான். இரண்டு வாசலிலும் வையுங்கள், மேலே தூக்கித் திறக்கும் ஒளிபுகு மூடி கிடைக்கிறது, மூடியைத் தூக்கினாலே அந்த இடத்தில் மட்டும் பீப் அடிக்கும் வகை இன்னும் நல்லது. கரண்ட் போனாலும் பேனல் 24 மணி நேரம் தாங்கி, அதன் பிறகும் மணி அடிக்க பேட்டரியில் சக்தி இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை வேறு வேறு கால் பாயிண்டை அழுத்திச் சோதித்து நோட்டில் எழுதுங்கள். விலைப்புள்ளி வாங்கும் முன் உங்கள் ஊர் தீயணைப்புத் துறை என்ன கேட்கிறது என்று நேரில் போய் விசாரித்துவிடுங்கள்.