லாஃப்டைக் குறைத்த பிறகு ஸ்லைஸ் கூடிவிட்டது: டிரைவரை மாற்றுவதா, செட்டிங்கை மாற்றுவதா?

வேளச்சேரி_வலதுகை:

வணக்கம். கோல்ஃப் ஆட ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது, ஹேண்டிகேப் (திறமையைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 22. ஐயன் கிளப்கள் எல்லாம் ஓரளவு கைக்குப் பழகிவிட்டது, டிரைவரை (தூரமான முதல் அடிக்கான நீளக் கிளப்) எடுத்தால் மட்டும் பந்து எங்கே போகும் என்று சொல்ல முடிவதில்லை. மூன்று மாதம் முன்பு செகண்ட் ஹேண்டில் 10.5 டிகிரி டிரைவர் ஒன்று வாங்கினேன். ஸ்டிஃப் ஷாஃப்ட் (விறைப்பான தண்டு), நீளம் 45.75 அங்குலம், தண்டு ஹெட்டோடு சேரும் இடத்தில் உள்ள ஸ்லீவைத் திருப்பி லாஃப்ட் (பந்தை அடிக்கும் முகமான ஃபேஸின் சாய்வுக் கோணம்) மாற்றிக்கொள்ளும் வகை. ஆரம்பத்தில் பந்து நேராகக் கிளம்பி, மேலே மேலே ஏறி, கடைசியில் வலது பக்கம் சாய்ந்து விழுந்தது. இவ்வளவு உயரம் போகிறதே, லாஃப்ட் அதிகமாக இருக்கும் என்று நினைத்து ஸ்லீவை லோயர் பக்கம் திருப்பி 9 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். உயரம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் ஸ்லைஸ் (பந்து வலது பக்கம் வளைவது) முன்பைவிட மோசம், இப்போது கிளம்பும்போதே வலது பக்கம்தான் கிளம்புகிறது. போன ஞாயிற்றுக்கிழமை 14 டீ ஷாட்டில் (குழிக்கான முதல் அடி) ஃபேர்வேயில் (புல் வெட்டிய நடுப்பாதை) நின்றது மூன்று, எல்லைக்கு வெளியே போனது நான்கு.

ஸ்விங் வேகம் மணிக்கு 92 மைல் காட்டுகிறது. கடையில் கேட்டால் லோ ஸ்பின் ஹெட் (பந்தின் பின்சுழற்சியைக் குறைக்கும் வகை) ஒன்று எடுங்கள், உயரப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிறார்கள். எனக்குக் கூடுதல் தூரம் வேண்டாம், பத்தில் ஏழு பந்து ஒரே மாதிரி போனால் போதும். என்ன செய்யலாம்?

கிளப்_பட்டறை:

சார், முதலில் அந்த ஸ்லீவை ஸ்டாண்டர்டுக்கே திருப்பி வையுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.

ஸ்லீவைத் திருப்பினால் லாஃப்ட் மட்டும் மாறும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. ஷாஃப்ட் ஹெட்டுக்குள் நுழைகிற கோணம்தான் மாறுகிறது, ஃபேஸில் செதுக்கிய லாஃப்ட் அப்படியேதான் இருக்கிறது. அதனால் ஹெட்டைத் தரையில் வைத்து, அது உட்கார்ந்த மாதிரியே கிரிப்பைப் பிடித்தால், லோயர் செட்டிங்கில் ஃபேஸ் வலது பக்கம் திறந்து நிற்கும். ஹையர் செட்டிங்கில் இடது பக்கம் மூடி நிற்கும். ஒரு டிகிரி லாஃப்டுக்கு ஃபேஸ் ஏறக்குறைய இரண்டு டிகிரி திரும்பும் என்பது பொதுவான கணக்கு. நீங்கள் ஒன்றரை டிகிரி குறைத்திருக்கிறீர்கள், அதாவது ஸ்லைஸ் அடிக்கிறவர் கையில் மூன்று டிகிரி திறந்த ஃபேஸ். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஃபேஸ்தான், எனவே கிளம்பும்போதே வலது பக்கம் போவதில் ஆச்சரியமே இல்லை. கிரிப்பைத் தளர்த்தி ஃபேஸை நேராக்கிப் பிடித்தால்தான் லாஃப்ட் உண்மையில் குறையும். அப்படிக் குறைந்தாலும் பின்சுழற்சி குறைந்து, பக்கவாட்டு வளைவு இன்னும் பளிச்சென்று தெரியும்.

உங்கள் பந்து உயரப் போனதற்கு லாஃப்ட் காரணம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். மோதும்போது ஃபேஸ் திறந்து வந்தாலே லாஃப்ட் கூடிவிடும். பந்து ஃபேஸின் கீழ்ப்பாதியில் பட்டால் பின்சுழற்சி ஏறும், அப்போது அது பலூன் மாதிரி எழும்பி அப்படியே நின்று விழும்.

இன்னொன்று. 92 மைல் என்பது கிட்டத்தட்ட எல்பிஜிஏ (பெண்கள் தொழில்முறை கோல்ஃப்) வீராங்கனைகளின் வேகம். அடிகளை ரேடாரில் அளக்கும் டிராக்மேன் நிறுவனம் முன்பு வெளியிட்ட சராசரிப்படி அவர்கள் 94 மைல் வேகத்தில், கிளப்பை 3 டிகிரி மேல்நோக்கிக் கொண்டுவந்து, பந்தை 13 டிகிரிக்குச் சற்று மேலே ஏவுகிறார்கள். நம்மில் பலர் மேலிருந்து கீழே வெட்டுகிறோம், அப்படி அடிக்கிறவருக்கு லாஃப்ட் இன்னும் அதிகம் வேண்டும். 10.5க்குக் கீழே போகாதீர்கள், 11.5, 12 என்றாலும் பயப்படாதீர்கள். லோ ஸ்பின் ஹெட் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அது வேகமாகவும் ஃபேஸின் நடுவிலும் அடிக்கிறவர்களுக்கானது. மாற்றியே ஆகவேண்டும் என்றால் எடையைப் பின்னால் தள்ளி வைத்த மேக்ஸ் வகை ஹெட்டைப் பாருங்கள். 2024இல் வந்த டெய்லர்மேட் கியூஐ10 மேக்ஸ், பிங் ஜி430 மேக்ஸ் 10கே எல்லாம் நடுவில் படாத அடியைத் தாங்குவதற்காகவே செய்தவை. ஆனால் அதற்கு இப்போது அவசரமில்லை.

பச்சை_மார்க்கர்:

மேலே சொன்னது சரிதான், ஆனால் ஒரு கேள்வி விட்டுப்போயிற்று. பந்து ஃபேஸில் எங்கே படுகிறது? அது தெரியாமல் செட்டிங்கைத் தொடுவது வீண்.

வெள்ளைப் பலகையில் எழுதுகிற மார்க்கர் ஒன்று வாங்குங்கள். பந்தின் மேல் பத்து பைசா அளவுக்கு ஒரு புள்ளி வைத்து, அந்தப் பக்கம் ஃபேஸைப் பார்க்கிற மாதிரி டீயில் (பந்தைத் தாங்கும் சிறு ஆணி) வைத்து அடியுங்கள். மை ஈரமாக இருக்கும்போதே அடிக்க வேண்டும், காய்ந்தால் ஒட்டாது. அடித்ததும் கிளப்பைத் திருப்பிப் பாருங்கள், பட்ட இடத்தில் புள்ளி பதிந்திருக்கும். துடைக்காமல் பத்து பந்து அடித்து ஒரு போட்டோ எடுங்கள். எனக்கு முதல் தடவை பத்தில் எட்டு ஹீல் பக்கம், ஷாஃப்டை ஒட்டியே கொத்தாக விழுந்திருந்தது. நான் நடுவில் அடிக்கிறேன் என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

ஹீலில் பட்டால் பந்துக்கு வலது பக்கச் சுழற்சி தானாகவே ஏறும், டோ பக்கம், அதாவது ஷாஃப்டுக்கு எதிர் முனையில் பட்டால் இடது பக்கம். ஸ்விங் ஒழுங்காக இருந்தாலும் ஹீலில் பட்ட பந்து ஸ்லைஸ் ஆகத்தான் செய்யும். அதை ஸ்லீவைத் திருப்பிச் சரிசெய்தால், நடுவில் பட்ட அன்று ஹூக் (இடது பக்க வளைவு) ஆகிவிடும். டீயின் உயரத்தையும் ஒரே மாதிரி வையுங்கள், பாதிப் பந்து ஹெட்டுக்கு மேலே தெரிந்தால் போதும். டீயில் பேனாவால் ஒரு கோடு போட்டு அதுவரை குத்துங்கள். ரேஞ்ச் (பயிற்சி மைதானம்) பந்தில் தூரத்தையும் உயரத்தையும் நம்பாதீர்கள், தேய்ந்த பந்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பறக்கும்.

வேளச்சேரி_வலதுகை:

இருவருக்கும் ரொம்ப நன்றி. நேற்று சாயங்காலம் ரேஞ்சில் செய்து பார்த்தேன். ஸ்லீவ் ஸ்டாண்டர்டில், மார்க்கர் புள்ளியோடு பத்து பந்து. ஆறு ஹீல் பக்கம், அதுவும் நடுவிலிருந்து ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளி, இரண்டு கீழே, இரண்டுதான் நடுவில். அந்த இரண்டும் கிட்டத்தட்ட நேராகப் போனதைப் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. ஹீலில் படுவதை எப்படிக் குறைப்பது? தள்ளி நின்றால் போதுமா?

கிளப்_பட்டறை:

தள்ளி நின்று பாருங்கள், சிலருக்கு அது மட்டுமே போதும். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது நீளத்தை. 45.75 அங்குலம் கடையில் விற்பதற்கான நீளம். தொழில்முறை டூர் வீரர்களில் பலரே அதைவிடக் குட்டையான டிரைவரால் ஆடுகிறார்கள், ரிக்கி ஃபௌலர் 2017 வாக்கில் 43.5 அங்குலத்துக்கு இறங்கினார். கிரிப்பில் ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து இரண்டு ரவுண்டு ஆடுங்கள், பத்து பைசா செலவில்லை. புள்ளிகள் நடுவுக்கு நகர்ந்தால் அப்புறம் வெட்டுவது பற்றி யோசிக்கலாம். அரை அங்குலம் வெட்டினால் ஸ்விங் வெயிட் (வீசும்போது ஹெட் எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு) ஏறக்குறைய மூன்று புள்ளி இறங்கி ஹெட் இருப்பதே தெரியாது, அதை ஈடுகட்ட ஹெட்டில் ஐந்தாறு கிராம் லெட் டேப் (ஈய நாடா) ஒட்ட வேண்டியிருக்கும். அதை ஹீல் பக்கம் ஒட்டினால் ஃபேஸ் மூடுவதற்கும் கொஞ்சம் உதவும்.

மலைக்காற்று:

ஒரு சின்ன எச்சரிக்கை. நான் ஊட்டியில் ஆடுகிறவன். இங்கே சுமார் 2,200 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் பந்து தூரமும் போகும், வளைவும் குறையும். இங்கே அருமையாக இருந்த என் 9 டிகிரி செட்டிங் சென்னைக்கு வந்ததும் வலது பக்கம் வேலியைத் தாண்டியது. லீவுக்கு மலைக்கு வந்து இரண்டு நாள் நேராக அடித்துவிட்டு அதே செட்டிங்கில் கீழே இறங்காதீர்கள். வழக்கமாக ஆடும் இடத்திலேயே முடிவு செய்யுங்கள்.

அப்புறம், போட்டியில் ஆடும்போது பையில் ரெஞ்ச் (ஸ்லீவின் திருகைத் திருப்பும் கருவி) இருக்கலாம், ஆனால் ரவுண்டு நடுவில் ஸ்லீவைத் திருப்பி அந்த டிரைவரால் ஒரு அடி அடித்தாலும் தகுதி நீக்கம், விதி 4.1ஏ. தெரியாமல் திருப்பிவிட்டால் அடிப்பதற்கு முன் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடுங்கள். திருகை மாட்டும்போது ரெஞ்ச் டக்கென்று சத்தம் கொடுக்கும் வரை இறுக்குங்கள்.

வேளச்சேரி_வலதுகை:

இன்று காலை ஒரு அங்குலம் கீழே பிடித்து, ஸ்டாண்டர்ட் 10.5இல் 18 ஹோல் ஆடினேன். ஃபேர்வேயில் எட்டு, வெளியே போனது ஒன்று. தூரம் ஐந்தாறு யார்டு குறைந்த மாதிரி தெரிந்தது, எனக்கு அது பெரிதாகப் படவில்லை. வளைவு இன்னும் இருக்கிறது, ஆனால் எல்லாமே சின்ன வலது வளைவு, டீயிலிருந்து ஃபேர்வேயின் இடது ஓரத்தைக் குறிவைத்தால் நடுவில் வந்து விழுகிறது. சனிக்கிழமை மறுபடி புள்ளி வைத்து அடித்துவிட்டு, பழைய போட்டோவையும் புதிய போட்டோவையும் சேர்த்துப் போடுகிறேன்.