புதுப்பிப்பு: நின்னு நின்னு ஓடுன சோலார் ஃபவுண்டன் சரியாயிட்டு
தோவாளையில இருந்து போன மாசம் கேட்டிருந்தேன்லா, பறவைத் தொட்டியில மிதக்கவிட்ட சோலார் ஃபவுண்டன் அடிக்கடி நின்னுருதுன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

பம்ப் நல்லாத்தான் இருக்கு, தென்னை ஓலை நிழல்தான் காரணம், பேட்டரி இல்லாததால பேனல்ல கொஞ்சம் நிழல் பட்டாலே நின்னுரும். பம்போட ஒட்டாம பேனல் தனியா உள்ளத வாங்குங்கன்னு ஒரு அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்துச்சு, 3 மீட்டர் ஒயர் உள்ள செட்டு வாங்கி பேனல ஓட்டு மேல தெற்க பாத்து வச்சேன், இப்ப சாயங்காலம் 4 மணி வரை ஓடுது.

எதிர்பாக்காதது ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா அடிக்கிற பலத்த காத்து. தண்ணி பூரா வெளிய அடிச்சு மத்தியானமே தொட்டி காலி, பம்ப் காஞ்சு கிர்ர்னு சத்தம். தண்ணிய பீச்சுற நாசில் மூடிய கழட்டிட்டேன், தண்ணி ரெண்டு விரல் உயரந்தான் குமிழுது, அதுவே போதும். நேத்து ஒரு கொண்டைக்குருவி தொட்டி நடுவுல உள்ள கல்லுல உக்காந்து றெக்கைய நனைச்சு நனைச்சு உதறிச்சு. பாசி அடைக்கும், பம்புல தண்ணிய வடிகட்டுற ஸ்பாஞ்ச வாரம் ஒருக்க கழுவிருங்க.