பின் ஆக்சில் ஊளைச் சத்தம், சக்கரத்தில் எண்ணெய்க் கசிவு: உங்கள் அனுபவம் என்ன?

கொல்லிமலைக்காரன்:
வண்டி பழைய ஏழு சீட் டீசல், பின் சக்கர ஓட்டம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரும்போது பிரேக்கை மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுத்துக்கொண்டே வந்தது. காரவள்ளியில் நிறுத்திக் குனிந்து பார்த்தால் இடது பின் டயரின் உள்பக்கம் முழுக்கக் கருப்பாக எண்ணெய். மோந்து பார்த்தால் 90 ஆயில், அதாவது கியர் ஆயில் நாற்றம்.

எண்ணெய் வெளியே வராமல் தடுக்கிற ஆக்சில் சீல்தான், வேறென்ன? மாற்றினார்கள், பிரேக் லைனரும் புதுசு. கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி ஒழுகியது. வேறு கம்பெனி சீல் போட்டார்கள், அதுவும் ஒழுகியது. இன்னொரு ஒர்க்‌ஷாப்பில் ஷாஃப்டே தேய்ந்துவிட்டது என்று ஒரு பெரிய தொகை சொன்னார்கள். கடைசியில் நாமக்கல்லில் லாரி வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் சக்கரத்தைத் தொடவே இல்லை. நேராக அடியில் படுத்து, ஆக்சிலை மூடியிருக்கிற ஹவுசிங்கின் தலையில் மண் அப்பிக் கிடந்த ஒரு சின்னக் குமிழைப் பிளேயரால் திருகினார். ‘புஸ்ஸ்’ என்று காற்று வெளியே வந்ததே, அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. காற்றுப் போக வைத்திருக்கிற பிரீதர் அது, அடைத்துக் கிடந்திருக்கிறது. ஓடி ஓடி உள்ளே சூடாகும் காற்றுக்கு வெளியேற வழியில்லை, சீலைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. டீசலில் கழுவி, ஏர் அடித்து மாட்டி, புது சீலும் போட்டார். அப்புறம் ஒரு சொட்டு இல்லை.

சக்கரத்தைக் கழற்றிய ஒருத்தர்கூட ஒரு முழம் மேலே கையை விட்டுப் பார்க்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. சரி, அது போகட்டும். 60க்கும் 80க்கும் நடுவில் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மட்டும் பின்னால் ஒரு ஊளை கேட்கிறது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. யாருக்காவது இப்படி இருந்ததா?

தார்ரோடு:
எனக்கும் ஊளைதான். சின்ன ஹேட்ச்பேக். 60ஐத் தாண்டினால் பின்னாலிருந்து ‘ஊம்ம்’. சர்வீஸில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பின் ஆக்சிலில் கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரம் போய்விட்டது என்று எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். விழுப்புரம் தாண்டி ஒரு இடத்தில் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். வண்டி அதில் ஏறியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது, பழைய ரோட்டுக்கு வந்ததும் திரும்பி வந்தது. அப்போதே புரிந்துவிட்டது. நிறுத்திப் பின் டயரின் உள்விளிம்பைத் தடவினேன், திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தது. பின் டயர்களை முன்னால் மாற்றிப் போட்டதும் ஊளையும் முன்னால் வந்துவிட்டது! கொல்லிமலை சார், உங்களுடையதும் டயராகத்தான் இருக்கும், மாற்றிப் பாருங்கள்.

ஹவுசிங் அடியில்:
தார்ரோடு தம்பி, உங்கள் ஹேட்ச்பேக் முன் சக்கர ஓட்டமாகத்தான் இருக்கும். அதில் பின்னால் ஏது கிரவுன்? இரண்டு சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலே முன்னால் கியர்பாக்ஸோடு சேர்ந்து இருக்கிறது. பின்னால் இருப்பது ஒரு பீமும் இரண்டு ஹப் பேரிங்கும்தான், அதாவது சக்கர பேரிங். இல்லாத சாமானுக்கு எஸ்டிமேட் போட்டவரைப் பார்த்துக் கும்பிடத் தோன்றுகிறது. நீங்களும் அதைக் கேட்காமல் விட்டுவிட்டு, இவருக்கு டயர் என்கிறீர்கள். காலை எடுத்ததும் நிற்கிற சத்தம் டயரில் வராது. வேகம் அதேதானே, டயர் அதே வேகத்தில்தானே சுற்றுகிறது?

என் கதை சின்னது. பக்கத்து வீட்டு வேன், இடப்பக்கம் திரும்பினால் உறுமல், வலப்பக்கம் திரும்பினால் அமைதி. வலது ஹப் பேரிங். அவ்வளவுதான்.

ஆனால் சத்தம் பார்க்கிற முறை சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஆளில்லாத நேர் ரோட்டில் மெதுவாக இடமும் வலமும் நெளித்து ஓட்டுங்கள். எடை ஒரு பக்கம் சாயும்போது சத்தம் கூடினால் அந்தப் பக்கத்துச் சக்கர பேரிங்கைச் சந்தேகப்படலாம். ரோடு மாறும்போது மாறினால் டயர். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும், அல்லது காலை எடுத்தால் மட்டும் என்றால் கிரவுனும் அதைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரமான பினியனும் கடிக்கிற இடம் தப்பிவிட்டது, அல்லது பினியன் பேரிங் தளர்ந்து பினியன் நகர்கிறது. பினியன், வண்டிச் சக்கரத்தைப் போல ஏறத்தாழ 4 மடங்கு வேகத்தில் சுற்றுவதால் அதன் பேரிங் சத்தம் மெல்லிசாகக் கீச்சென்று இருக்கும், சக்கர பேரிங் கடமுடவென்று கனமாக இருக்கும். நேராகப் போகும்போது சத்தமே இல்லாமல் வளைவில் மட்டும் வந்தால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிற சின்ன ஸ்பைடர் கியர்களைப் பாருங்கள். கியர் போட்டு கிளட்சை விடும்போது ‘டங்’ என்றால் முதலில் ஆக்சிலுக்கு வருகிற ஷாஃப்டின் இணைப்பான யூ ஜாயிண்ட் கிராஸ். அதை விட்டுவிட்டு ஹவுசிங்கைத் திறக்க விடாதீர்கள்.

கொல்லிமலை சார், உங்களுக்கு பினியன் பக்கம்தான். அத்தனை நாள் ஒழுகியதில் ஆயில் அளவு எங்கே இருந்தது என்று யாராவது பார்த்தார்களா? எண்ணெய் ஊற்றுகிற ஃபில்லர் ஓட்டையில் விரலை விட்டால் கீழ் விளிம்பில் எண்ணெய் தட்ட வேண்டும். குறைந்த ஆயிலில் மலையேறினால் பினியன் பேரிங்தான் முதலில் அடிவாங்கும்.

வேளச்சேரிவாசி:
2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஜீப் சக்கரம் மூழ்க நின்றது. இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றி ஓட்டிக்கொண்டுதான் இருந்தோம். பின்னால் ஏதோ அரைக்கிற சத்தம் வந்த பிறகு ட்ரெயின் பிளக்கைத் திறந்தார்கள். பால் அதிகமாக ஊற்றிய டீ நிறத்தில் ஒழுகியது. மெக்கானிக் பையன் டப்பாவைக் காட்டி ‘அக்கா, இதுதான் உங்க கியர் ஆயில்’ என்றான். ஓடிச் சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கும், பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிவிடுமாம். பேரிங் எல்லாம் துரு. இப்போது பிரீதரில் ஒரு ட்யூப் மாட்டி பாடிக்கு மேலே கொண்டுபோய் வைத்திருக்கிறோம். முழங்கால் தண்ணீரில் ஓட்டியவர்கள் இன்ஜினோடு நின்றுவிடாமல் ஆக்சில் ஆயிலையும் பாருங்கள்.

மூக்குத்தி:
கசிவு என்றதும் எல்லோரும் 90 ஆயில் என்றே பேசுகிறீர்கள். என் வீட்டுக்காரர் வண்டியிலும் பின் சக்கரத்தில் ஈரம், ஒர்க்‌ஷாப்பில் ஆக்சில் சீல் என்றுதான் சொன்னார்கள். எனக்கு அந்தக் கந்தக நாற்றம் வரவே இல்லை. விரலில் தொட்டேன், நீர்த்து இருந்தது. ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றினேன், கரைந்து ஓடிவிட்டது. கியர் ஆயில் அப்படியா போகும்? பிரேக் ஆயில்! மெக்கானிக் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டிரம்மைக் கழற்றினார். வீல் சிலிண்டர் ரப்பரை விரலால் விலக்கியதும் உள்ளிருந்து சளசளவென்று வந்தது. பிரேக் டப்பாவிலும் அளவு இறங்கித்தான் இருந்தது. சீலை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் எங்கே போய் நின்றிருப்போமோ.

தார்ரோடு:
ஹவுசிங் அண்ணே, எஸ்டிமேட் போட்டது அவர்கள், திட்டு எனக்கா? நான் காசு கொடுக்கவில்லை, அது போதும். பினியன் தளர்ந்தால் முன்னால் இருக்கிற நட்டை இறுக்கினால் சத்தம் போய்விடும் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள்.

ஹவுசிங் அடியில்:
அந்த வேலை மட்டும் செய்யச் சொல்லாதீர்கள் தம்பி. நிறைய வண்டிகளில் அந்த நட்டுக்குப் பின்னால் நசுங்குகிற ஸ்லீவ் ஒன்று இருக்கிறது. அது எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ அதுதான் பேரிங் மேல் விழுகிற பிடிப்பு. கூடுதலாக இறுக்கினால் ஸ்லீவ் இன்னும் நசுங்கும், பேரிங் சூடேறிப் போய்விடும். தளர்த்தினால் பழையபடி விரியாது, புது ஸ்லீவ்தான் போட வேண்டும். பினியன் சீல் மாற்றக் கழற்றினால்கூட நட்டிலும் ஷாஃப்டிலும் கோடு போட்டுக்கொண்டுதான் கழற்ற வேண்டும்.

கொல்லிமலைக்காரன்:
பெரியவரிடமே திரும்பப் போனேன். ட்ரெயின் பிளக் காந்தத்தில் மாவு போல இருந்தால் கவலைப்பட வேண்டாம் என்றார். வந்தது செதில். ஹவுசிங் அண்ணன் சொன்னபடி பினியனைக் கையால் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறது. கிரவுனிலும் பல் ஓரம் அடிபட்டிருக்கிறது. புது செட் விலை தலையைச் சுற்றுகிறது. சென்னை புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் முழு ஆக்சிலாகவே கிடைக்கும் என்கிறான் மைத்துனன். வாங்கலாமா?

ஹவுசிங் அடியில்:
வாங்கலாம், ரேஷியோ பார்க்காமல் வாங்காதீர்கள். கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் 4.1. கடையில் திறந்து காட்ட மாட்டார்கள். ஒரு பக்க ஹப்பை அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள், மறுபக்கத்தை முழுசாக 2 சுற்று சுற்றுங்கள். பினியனின் முன்முனையில் இருக்கிற தட்டு, அதாவது ஃபிளாஞ்ச், எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. 1 சுற்று மட்டும் சுற்றினால் பாதிதான் காட்டும், அதை வைத்து ஏமாறாதீர்கள். கிரவுனையும் பினியனையும் தனித்தனியாக வெவ்வேறு கடையில் பொறுக்கவே கூடாது. இரண்டும் ஜோடியாகத் தேய்த்து எடுத்தவை. ஜோடி நம்பர் பொறித்திருந்தால் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். பிரீதரை வாயால் ஊதிப் பார்த்துவிட்டே வண்டியில் ஏற்றுங்கள்.