காம்பினேஷன் பஞ்சர்னா யாரு? பேக்ல வேகமா விட்டா மட்டும் போதுமா?

அல்சூர்_பையன்

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர்ல மர்பி டவுன் பக்கம் ஒரு சின்ன ஜிம்ல பாக்ஸிங் கத்துக்க ஆரம்பிச்சு ஒம்போது மாசம் ஆகுது, வேலை பெல்லந்தூர்ல, காலைல ஆறு மணி பேட்ச் முடிச்சிட்டு அப்படியே ஆபீஸ் பஸ் புடிக்கிற ஆளு நான். ஹெவி பேக்ல (தொங்கவிட்ட கனமான மூட்டை) ஜாப் (முன்கை நேர்குத்து), கிராஸ் (பின்கை நேர்குத்து), ஹுக் (பக்கவாட்டுல வளைச்சு விடறது), மறுபடி கிராஸ், அப்பறம் கீழ பாடிக்கு ஒன்னுன்னு ஆறேழு பஞ்ச் சேர்த்து வேகமா விட வருது, பேட் புடிக்கிறவரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாரு. ஆனா ஸ்பாரிங்ல, அதாவது ஆளோட பயிற்சிச் சண்டைல, இறங்குனா ரெண்டுக்கு மேல வரவே மாட்டேங்குது. மூணாவது விடும்போது எதிர்ல ஆளே இல்ல, இருந்தா அவனோட ஸ்ட்ரெய்ட் (நேர்குத்து) வந்து என் மூக்குல இறங்குது.

போன சனிக்கிழமை ஒரு காலேஜ் பையன், என்னைவிட எட்டு கிலோ கம்மி. அவன் விட்டது மூணே மூணு பஞ்ச், அதுவும் அவசரமே இல்லாம. மூணும் பட்டுச்சு. கோச் ஓரத்துல நின்னு என்னைப் பார்த்து "நிதானா, நிதானா"ன்னு கன்னடத்துல கத்திட்டே இருந்தாரு, நிதானமா அடிச்சா எப்படி படும்னு எனக்கு அப்பவும் புரியல இப்பவும் புரியல. அந்தப் பையன்கிட்ட இருக்கறது என்ன? இப்ப ஆடுறவங்கள்ல யாரைப் பார்த்து கத்துக்கலாம்? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

பழைய_கிளவுஸ்

தம்பி, நீங்க பேக்ல பண்றது காம்பினேஷன் இல்ல, மனப்பாடம். பேக் கையைத் தூக்காது, நகராது, திருப்பி அடிக்காது. ஆளு இந்த மூணையும் பண்ணுவான். அதனால காம்பினேஷன்னா ஆறு பஞ்சை ஒட்ட வெக்கிறது இல்ல, மொதல் பஞ்ச் போய் ஒரு கதவைத் திறக்கணும், ரெண்டாவது அது வழியா உள்ள போகணும், அதுக்கு அவன் என்ன பண்றானோ அதுதான் மூணாவது எங்க போகணும்னு சொல்லும்.

2023 ஜூலை 25, டோக்கியோ, ஜப்பான் பாக்ஸர் நவோயா இனோவேவும் அமெரிக்காவோட ஸ்டீபன் ஃபுல்டனும் மோதுன ஃபைட்டை எடுத்துக்குங்க. ஃபுல்டன் உயரம் ஜாஸ்தி, கை நீளம், சூப்பர் பாண்டம் எடைப்பிரிவுல ரெண்டு சாம்பியன் பெல்ட் வெச்சிருந்தவன். இனோவே மொதல்லேர்ந்தே குனிஞ்சு அவன் வயித்துக்கு ஜாப் போட்டுட்டே இருப்பான், பார்க்க பெருசா ஒன்னும் தெரியாது, அந்த ஜாப்ல எவனும் விழ மாட்டான். ஆனா ஏழு ரவுண்டா அதையே வாங்குன ஃபுல்டனுக்கு கண்ணும் கையும் கீழ போகப் பழகிருச்சு. எட்டாவது ரவுண்டுல அதே வயித்து ஜாப், உடனே மேல ஒரு ரைட் ஸ்ட்ரெய்ட், ஃபுல்டன் தள்ளாடி பின்னாடி போறான், இனோவே பாஞ்சு போய் லெஃப்ட் ஹுக், ஆளு கீழ. எந்திரிச்சான், ஆனா கார்னர்ல வெச்சு முடிச்சிட்டான். கணக்கு பண்ணா மூணு பஞ்ச்தான், ஆனா அந்த மூணுக்கு ஏழு ரவுண்டு முதலீடு இருக்கு. உங்க ஜிம்ல அந்தப் பையன் செஞ்சதும் சின்ன அளவுல இதுதான்னு நினைக்கிறேன், நிதானமா விட்டான்னா அவன் உங்க கையைப் பார்த்துக்கிட்டே விட்டான்னு அர்த்தம்.

அப்பறம் உடம்பு. கிராஸ் விட்டா வலது இடுப்பு முன்னாடி வந்து வெயிட்டு முன்காலுக்கு போயிரும், அப்ப இடது பக்கம் வில்லு மாதிரி மடங்கி நிக்கும், ஹுக் அதுலேர்ந்து சும்மா கிளம்பி வரணும். வேகமா விடணும்னு கிராஸை எட்டிப்போய் அடிச்சா மூக்கு முன்முட்டியத் தாண்டிரும், அப்பறம் ஹுக்ல கை மட்டும்தான் இருக்கும், திரும்பி வர்றதுக்கும் நேரமாகும், உங்க மூக்குல இறங்குறது அந்த கேப்லதான். ஒரு டெஸ்ட் சொல்றேன், பேக்ல ஒவ்வொரு பஞ்சுக்கு அப்பறமும் சிலை மாதிரி நில்லுங்க, கூட இருக்கிறவர உங்க தோளை லேசா தள்ளச் சொல்லுங்க. கால் நகந்துச்சுன்னா அந்த இடத்துலதான் உங்க காம்பினேஷன் உடையுது. நல்ல பஞ்சர் எந்த பஞ்ச்லயும் நிறுத்த முடியும், எந்த பஞ்ச்லேர்ந்தும் தொடர முடியும்.

தம்பி_மகன்

மேல அண்ணன் சொன்னது சரி, ஆனா மனப்பாடத்தை அவ்ளோ லேசா தள்ளிற வேண்டாம்னு தோணுது. எங்கப்பா எம்இஜி-ல, அதாவது ராணுவத்தோட மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்ல, இருந்தவரு, அல்சூர் ஏரி பக்கத்துல சென்டர் இருக்கே, மெட்ராஸ் சாப்பர்ஸ், அந்த சிப்பாய்ங்களுக்கே தம்பின்னுதான் பேரு. சொந்த ஊரு ராயபுரம், சார்பட்டா, இடியப்ப நாயக்கர்னு குத்துச்சண்டைப் பரம்பரைங்களோட சண்டைங்க பார்த்து வளந்தவரு. அவரு சொல்றது, மொதல்ல தூக்கத்துலயும் வர்ற அளவுக்கு கைக்கு பழக்கணும், அப்பதான் கண்ணு சும்மா இருந்து எதிராளியைப் பார்க்கும். மைக் டைசனை கோச் கஸ் டமாட்டோ வளர்த்தது இதே மாதிரிதான், ஒவ்வொரு அடிக்கும் ஒரு நம்பர், மெத்தையைச் சுத்தின பேக்ல தலை எங்க விலா எங்கன்னு நம்பர் எழுதியிருக்கும், டேப்ல நம்பர் ஓடும், அது சொல்லச் சொல்ல அடிக்கணும். 1986 நவம்பர்ல டைசன் சாம்பியன் ஆனப்ப வயசு 20 தான். யோசிக்கிற வேலையெல்லாம் ஜிம்லயே முடிஞ்சிருந்துச்சு.

இன்னொரு விஷயம், நம்ம ஊர் பழைய அமெச்சூர் ஆளுங்க ஏன் ஒத்தை ஒத்தை அடியா அடிச்சாங்கன்னு பலபேருக்கு தெரியாது. 1988 சியோல் ஒலிம்பிக்ல அமெரிக்காவோட ராய் ஜோன்ஸை ஃபைனல்ல அநியாயமா தோக்கடிச்ச பெரிய கலாட்டாவுக்கு அப்பறம் 1992 ஒலிம்பிக்லேர்ந்து கம்ப்யூட்டர் ஸ்கோரிங் வந்துச்சு, அஞ்சு ஜட்ஜ்ல மூணு பேரு ஒரு செகண்டுக்குள்ள ஒரே கலர் பட்டனை அமுக்கினாதான் ஒரு பாயிண்ட். நீங்க அந்த ஒரு செகண்டுல அழகா நாலு பஞ்ச் விட்டாலும் ஒரு பாயிண்ட்தான், சில நேரம் அதுவும் கிடைக்காது, ஜட்ஜ் கண்ணுக்கு எது பட்டுச்சுன்னே தெரியாது. அப்ப எவன் நாலு விடுவான்? தனியா பளிச்சுன்னு தெரியற ஒரு ஸ்ட்ரெய்ட் அடிச்சிட்டு ஓடிருவான். ஒரு தலைமுறையே அப்படி வளந்துச்சு, அப்பா இதை நினைச்சு இன்னைக்கும் வருத்தப்படுவாரு. 2013-ல ஒவ்வொரு ரவுண்டுலயும் ஜெயிச்சவனுக்கு பத்து பாயிண்ட் குடுக்கிற டென் பாயிண்ட் முறை வந்த பிறகுதான் சேர்த்து அடிக்கிறதுக்கு மதிப்பு திரும்ப வந்துச்சு.

கால் பத்தி யாரும் பேசலையே. உக்ரைன் பாக்ஸர் லோமசென்கோவை அவங்கப்பா சின்ன வயசுல பாக்ஸிங் விட்டு நிறுத்தி உக்ரைன் டான்ஸுக்கு அனுப்பினாரு. அமெச்சூர்ல 396 ஜெயிச்சு ஒன்னே ஒன்னு தோத்தவன். அவன் மூணு பஞ்ச் விட்டு முடிக்கும்போது எதிராளியோட தோளுக்கு வெளிய நிப்பான், எதிராளி திரும்பறதுக்குள்ள அங்கேர்ந்து இன்னும் ரெண்டு. 2016, 2017-ல அவனோட மோதுனவங்க வரிசையா நாலு பேரு ஸ்டூல்லயே உக்காந்துட்டாங்க, அடுத்த ரவுண்டுக்கு வரல. எங்க வீட்டு மொட்டை மாடில அப்பா சாக்பீஸ்ல ஒரு நேர்கோடு போட்டு வெச்சிருந்தாரு, காம்பினேஷன் ஆரம்பிக்கும்போது கோட்டு மேல, முடியும்போது முன்கால் கோட்டை விட்டு வெளிய இருக்கணும். மழை பெஞ்சு கோடு அழிஞ்சா மறுபடி போடறது என் வேலை. உங்களுக்கு மூணாவதுல அடி விழுதுன்னா நீங்க இன்னும் கோட்டு மேலயே நிக்கிறீங்க.

சவுத்பா_பொண்ணு

நான் நாலு வருஷமா ஸ்பாரிங் பண்றேன், ஒன்னு சேர்க்கிறேன். எல்லாத்தையும் ஒரே பலத்துல அடிக்காதீங்க!! புதுசா வர்ற எல்லாருமே இதத்தான் பண்றாங்க, டம் டம் டம்னு ஒரே தாளம், எதிர்ல இருக்கிறவங்களுக்கு மூணாவது எப்ப வரும்னு காதுலயே கேட்டுரும். தொடு, தொடு, அடி. மொதல் ரெண்டும் கிளவுஸ் மேல தட்டினா போதும், ஒரு சின்ன இடைவெளி விட்டு மூணாவது. அந்த இடைவெளிலதான் அவங்க முடிஞ்சிருச்சுன்னு நினைச்சு கையை எடுப்பாங்க. வரிசையும் மாறணும், ஜாப்தான் மொதல்ல வரணும்னு யாரு சொன்னா? டெரன்ஸ் கிராஃபோர்டும் எரோல் ஸ்பென்ஸும் 2023-ல மோதுன ஃபைட்ல ரெண்டாவது ரவுண்டு பாருங்க, கிராஃபோர்டோட பின்கையான லெஃப்ட் ஸ்ட்ரெய்ட் முன்னாடி, ஜாப் அதுக்கு பின்னாடி, ஸ்பென்ஸ் உக்காந்தது அந்த ஜாப்ல. அன்னைக்கு மொத்தம் மூணு தடவை விழுந்தான், ஒம்போதாவது ரவுண்டுல ரெஃப்ரி நிறுத்திட்டாரு.

மூச்சையும் கவனிங்க, ஆறு பஞ்சுக்கும் மூச்சைப் புடிச்சுக்கிட்டு அடிச்சா ரெண்டாவது ரவுண்டுல கை தூக்க முடியாது, ஒவ்வொன்னுக்கும் "ஸ்ஸ்"னு கொஞ்சம் கொஞ்சமா விடுங்க.

அல்சூர்_பையன்

பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி, உடனே எழுதாம முயற்சி பண்ணிப் பார்த்துட்டு எழுதலாம்னு பன்னெண்டு நாள் எடுத்துக்கிட்டேன். தோளைத் தள்ற டெஸ்ட்ல கிராஸுக்கு அப்பறம் ஒவ்வொரு தடவையும் கால் நகந்துச்சு, ஹுக்கெல்லாம் நான் விழாம இருக்க விட்டதுதான் போல. ஒரு வாரம் முழுக்க ஜாப், கிராஸ் ரெண்டு மட்டும் விட்டு நின்னு பார்த்தேன்.

நேத்து அதே காலேஜ் பையன் கூட மூணு ரவுண்டு. வயித்துக்கு ஜாப் நாலஞ்சு போட்டேன், ஒன்னும் நடக்கல, மறுபடி போட்டேன். ரெண்டாவது ரவுண்டு கடைசில அவன் வலது முழங்கை ஒரு இன்ச் கீழ இறங்குனதை பார்த்தேன்ணா, நெஜமா பார்த்தேன், இத்தன மாசத்துல மொதல் தடவை அடிக்கும்போது ஒன்னைப் பார்த்தேன். அடுத்தது கீழ ஜாப் போட்டு அதே இடது கையை மேல ஹுக்கா விட்டேன், ஹெட்கியர்ல பட்டுச்சு. மூணாவது விட நினைச்சப்ப அவன் நகந்துட்டான், நானும் விடல, அப்படியே நின்னேன். கோச் ஒன்னும் கத்தல.

ஒரே பிரச்சனை, கீழ ஜாப் போடும்போது என் வலது கை தானா இறங்கிருது, அவனும் ரெண்டு தடவை அங்கதான் அடிச்சான். இதுக்கு என்ன பண்றது?

பழைய_கிளவுஸ்

வலது கைக்கும் தாடைக்கும் நடுவுல ஒரு டென்னிஸ் பால் வெச்சுக்கிட்டு கிளவுஸ் இல்லாம ஷேடோ (காத்துல அடிக்கிற பயிற்சி) பண்ணுங்க, குனிஞ்சு ஜாப் விடும்போது பால் விழக்கூடாது. குனியறது முட்டிலேர்ந்து இருக்கணும், இடுப்புலேர்ந்து மடங்குனா கண்டிப்பா விழும். ரெண்டு வாரம் கழிச்சு எப்படி இருக்குன்னு சொல்லுங்க.