காது மெஷின் ஏன் டப்பாவுக்குள்ளேயே கிடக்குது? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து அனுபவங்கள்

ஆடியோலஜிஸ்ட், தருமபுரி:

"ஒத்துக்கலைங்க" என்று மெஷினை டப்பாவோடு கொண்டு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது மெஷினை இல்லை, ஆடியோகிராம் தாளை (எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து வரைந்த தாள்). பலரிடம் அது இருக்காது. காதில் மாட்டிவிட்டு "கேக்குதா?" என்று கேட்டு, தலையாட்டியதும் பில் போட்டிருப்பார்கள். எந்த வகைக் குறை என்று பார்க்காமல் கொடுத்த மெஷின் டப்பாவுக்குத்தான் போகும்.

தாளைப் படிப்பது கஷ்டமில்லை. இடமிருந்து வலமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை சுருதி ஏறும். மேலிருந்து கீழாக டெசிபல். கோடு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு குறை. சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. இவை ஹெட்போனில் கேட்டவை. காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வு கொடுத்துப் பார்த்ததைச் சின்ன அம்புமுனை போலப் போட்டிருப்பார்கள்.

அம்புமுனை மேலே நின்று, வட்டமோ பெருக்கலோ அதைவிட 15 டெசிபலுக்கும் அதிகமாகக் கீழே தள்ளிக் கிடந்தால், சத்தம் போகிற பாதையில் அடைப்போ உடைப்போ இருக்கிறது: குறும்பி, செவிப்பறையில் ஓட்டை, நடுக்காதில் நீர், நடுக்காதில் உள்ள அங்கவடி என்ற குட்டி எலும்பு இறுகிப்போவது. இவற்றில் பலவற்றை மருந்தாலோ ஆபரேஷனாலோ சரிபண்ணலாம், மெஷின் பேச்சு அப்புறம்தான். இரண்டும் ஒட்டிக்கொண்டே கீழே இறங்கினால் கோளாறு உட்காதில் அல்லது நரம்பில். வயதால் வருவது, இரைச்சலால் வருவது, ஜென்டாமைசின், அமிக்காசின் மாதிரி ஊசிகளால் வருவது எல்லாம் இந்த வகை. போனது மருந்தில் திரும்பாது, மெஷின்தான். திடீரென்று போனது மட்டும் விதிவிலக்கு, அதை யாராவது தனியாக எழுதுங்கள்.

ஈ.என்.டி. பிரிவு நர்ஸ், கிருஷ்ணகிரி:

நான் எழுதுறேன் மேடம். ராத்திரி நல்லாப் படுத்தவர், காலையில ஒரு காது அடைச்ச மாதிரி இருக்குன்னு எழுந்திரிப்பார். கூடவே "ங்ஙொய்"னு சத்தம், சிலருக்குத் தலைசுத்தல். சளி, குறும்பின்னு நெனச்சு பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெய விட்டுக்கிட்டு ஒரு வாரம் போயிடும். மூணு நாளுக்குள்ள இப்படித் திடீர்னு கேட்கிறது போனா அது அவசரம். ஸ்டீராய்டு மாத்திரை முதல் சில நாள்லயே ஆரம்பிச்சாத்தான் திரும்புற வாய்ப்பு அதிகம். ரெண்டு வாரம் தாண்டினா ரொம்பக் குறைஞ்சிடும். சர்க்கரை இருக்கிறவங்க அதை டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லணும், ஸ்டீராய்டுல சுகர் ஏறும்.

வீட்டுலயே ஒரு சின்னச் சோதனை: வாய மூடிக்கிட்டு "ம்ம்ம்"னு இழுங்க. அடைச்ச காதுல சத்தம் கூடுதலாக் கேட்டா, பெரும்பாலும் குறும்பியோ நடுக்காது அடைப்போதான். நல்ல காது பக்கம் போச்சுன்னா உட்காது சமாச்சாரம், அன்னைக்கே கிளம்புங்க. இது டாக்டர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (தட்டினா அதிர்ற கவட்டுக் கம்பி) நெத்தியில வச்சுப் பாக்கிறதோட நாட்டு வடிவம். அதுக்குப் பதில் ஆகாது, ஆனா எண்ணெய்ப் பக்கம் போற கைய நிறுத்தும்.

சீழ் வடியிற காது பத்தியும் சொல்லிடறேன். செவிப்பறையில ஓட்டை இருக்கிற காதுக்குள்ள தண்ணி போகவே கூடாது. தலைக்குக் குளிக்கும்போது பஞ்ச உருட்டி, மேல வாசலின் தடவி காது ஓட்டை வாசல்ல வைக்கணும் (உள்ள தள்ளக் கூடாது). வெறும் பஞ்சு தண்ணிய உறிஞ்சி உள்ளயே விடும். கிணத்துல, ஏரியில குதிக்கிறது வேணாம். வடியிற காதுல மோல்டு (காதுக்கு அளவெடுத்துச் செஞ்ச அச்சு) போட்டு மெஷின் மாட்டினா காத்தோட்டம் நின்னு இன்னும் வடியும். காயவச்சு, ஓட்டையை அடைச்சு, அப்புறம் மெஷின். கொஞ்சமா, ரொம்ப நாத்தத்தோட வடிஞ்சா அதைச் சாதாரணமா எடுத்துக்கக் கூடாது. அது எலும்பை அரிக்கிற வகையா இருக்கலாம். கூட வாய் கோணினா, தலை சுத்தினா அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

குறும்பிக்கு பட்ஸ் வேணாம், உள்ள தள்ளி இடிச்சு வச்சிடும். மெழுகு இளக்கிற சொட்டு மருந்து மூணு முதல் அஞ்சு நாள் விட்டு, அப்புறம் ஆஸ்பத்திரியில பீச்சிக் கழுவலாம். தண்ணி உடம்புச் சூட்டுலதான் இருக்கணும். குளிர்ந்த தண்ணி பட்டா உலகமே சுத்தும். ஓட்டை இருக்கிற காதுன்னா சொட்டு மருந்தும் கிடையாது, பீச்சுறதும் கிடையாது.

குவாரி பாதுகாப்பு மேற்பார்வை, பர்கூர் பக்கம்:

நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் இதைத் தனியாச் சொல்லணும். கிரானைட் குவாரியில ஜாக்ஹாமர் பிடிக்கிறவர் காதுல 100 டெசிபலைத் தாண்டும். காதுக்குப் பாதுகாப்பான கணக்கு 85 டெசிபலுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி. அப்படியே இறங்கினா 100ல 15 நிமிஷம்தான். தொழிற்சாலை விதியில 8 மணிக்கு 90ன்னு இருக்கு. அது சட்டத்துக்கான எல்லை, காதுக்கான எல்லையா அதை எடுத்துக்காதீங்க.

பஞ்சு வச்சுக்கிட்டா போதும்ங்கிறது தப்பு. பஞ்சு இந்த இரைச்சலைத் தடுக்காது. ஃபோம் பிளக் வேலை செய்யும், ஆனா போடுற விதத்துலதான் எல்லாம். விரல்ல மெல்லிசா உருட்டணும். எதிர்க் கையைத் தலைக்கு மேல கொண்டுபோய்க் காதை மேலயும் பின்னாலயும் இழுத்தா துவாரம் நேராகும். உள்ள விட்டு 30 விநாடி விரலால அமுக்கிப் பிடிக்கணும், இல்லேன்னா விரியும்போது வெளிய வந்திடும். எதிர்ல நிக்கிறவருக்கு பிளக் துருத்திக்கிட்டுத் தெரிஞ்சா அது உள்ள போகலைன்னு அர்த்தம். பாக்கெட்ல 30 டெசிபல் குறைக்கும்னு போட்டிருந்தா களத்துல பாதி கிடைச்சா பெரிசு.

பாலிஷ் யூனிட்ல கை முழுக்கக் கல் சேறு. அந்தக் கையால பிளக்கை உருட்டினா காது புண்ணாகும். அங்க இயர்மஃப்தான் சரி. ஆனா தலைத் துண்டு மேல மஃப் போட்டா இடுக்கு வழியா சத்தம் புகுந்திடும். துண்டைக் கழட்டச் சொன்னா வெயில்ல யாரும் கேக்க மாட்டாங்க. துண்டைக் காதுக்கு மேலயே நிறுத்திக் கட்டச் சொல்லி, மஃப் தோல்ல நேரா ஒட்டுதான்னு பாக்கணும்.

வருஷா வருஷம் ஆடியோகிராம் எடுக்கிறப்போ ஷிப்ட் முடிஞ்ச கையோட கூட்டிட்டுப் போகாதீங்க. இரைச்சல்ல களைச்ச காது நிஜத்தை விட மோசமாக் காட்டும். கடைசி இரைச்சலுக்கும் டெஸ்டுக்கும் நடுவுல 14 மணி நேரமாவது இருக்கணும். ஞாயிறு லீவுன்னா திங்கள் காலை வேலைக்கு முன்னாடி சரியான நேரம். தாள்ல 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுந்து 8000ல திரும்பக் கொஞ்சம் ஏறினா இரைச்சல் வேலையைக் காட்ட ஆரம்பிச்சிருச்சுன்னு எடுத்துக்கலாம். அந்தக் கட்டத்துல ஆளுக்கு ஒண்ணும் தெரியாது, பேச்சு நல்லாவே கேட்கும்.

ஊத்தங்கரை வாசகர்:

அப்பா ரைஸ்மில்லில் இருந்தவர். "சத்தம் கேக்குது, சொல்றதுதான் புரியல" என்கிறார். மெஷின் சத்தத்தைக் கூட்டினால் "ஏன் கத்தறே" என்று கோபம். கூட்டுவதா, குறைப்பதா?

ஆடியோலஜிஸ்ட், தருமபுரி:

இரண்டும் இல்லை. உங்கள் அப்பாவுக்குத் தாழ்ந்த சுருதி கேட்கிறது, உயர்ந்த சுருதி போய்விட்டது என்று நினைக்கிறேன். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்சுருதியில் பலமாக வரும். க, ச, ட, த வேறுபாடு மேல் சுருதியில்தான் தெரியும். அது போனால் பாக்கு, பாட்டு, பாத்து மூன்றும் ஒன்றாகத்தான் கேட்கும். மொத்தமாகச் சத்தத்தைக் கூட்டினால் ஏற்கெனவே கேட்கிற பகுதி அலறும், கேட்காத பகுதிக்கு ஒன்றும் சேராது. தாளை எடுத்துப் போய் ஆடியோகிராமுக்கு ஏற்பப் புரோகிராம் செய்யச் சொல்லுங்கள். உட்காது கெட்டவருக்கு மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தம் மட்டும் நம்மைப் போலவே, சில நேரம் நம்மை விடவும் பெரிதாகக் கேட்கும். கோபத்துக்குக் காரணம் அதுதான். உச்சச் சத்த வரம்பையும் குறைக்கச் சொல்லுங்கள்.

"என் குரலே குடத்துக்குள்ள பேசற மாதிரி இருக்கு" என்றும் சொல்கிறாரா? தாழ்சுருதி நன்றாகக் கேட்கிறவருக்கு அடைத்த மோல்டு கொடுத்தால் அப்படித்தான். காற்றுத் துளை போட்ட மோல்டு அல்லது ஓட்டை உள்ள சிலிக்கோன் டோம் (காதுக்குள் போகும் மெத்தென்ற குட்டித் தொப்பி) கேளுங்கள்.

முதல் வாரம் அமைதியான அறையில், ஒருவரோடு பேசும்போது மட்டும், நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம். பிறகு டி.வி., பிறகு வாசல், கடைசியில்தான் கல்யாண வீடும் பஸ் ஸ்டாண்டும். முதல் நாளே தெருக்கூத்து மைக்செட் முன்னால் உட்கார வைத்தால் அன்றே கழற்றிவிடுவார். நீங்கள் பேசும்போது ஒரு மீட்டருக்குள் வந்து, முகத்தில் வெளிச்சம் விழ நின்று, முதலில் "அப்பா" என்று கூப்பிட்டுப் பார்க்க வைத்துவிட்டுப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பக் கத்தாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள்.

சிறப்பு ஆசிரியை, ஓசூர்:

குழந்தைகள் விஷயத்தில் கணக்கு வேறு: 1 மாதத்துக்குள் ஸ்கிரீனிங், 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் மெஷின். ஸ்கிரீனிங்கில் ஓ.ஏ.இ. (உட்காது திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியைப் பிடிக்கும் சோதனை) பாஸ் என்றாலும், ஐ.சி.யூ.வில் இருந்த குழந்தைக்கும் மஞ்சள் காமாலை கடுமையாக இருந்த குழந்தைக்கும் பெராவும் (காது நரம்பு வழியே மூளைக்குச் செய்தி போகிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்க வேண்டும். உட்காது நன்றாக இருந்து நரம்பில் கோளாறு இருப்பதை ஓ.ஏ.இ. காட்டாது. தட்டு தட்டிப் பார்த்துத் திரும்பினான் என்பதை நம்பாதீர்கள், அதிர்வுக்கும் நிழலுக்கும்கூடத் திரும்புவார்கள்.

மாமா, அக்கா மகள் கல்யாணம் இங்கே சகஜம். இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்கும், பரம்பரையிலும் யாரும் இல்லை, ஆனால் இருவரும் ஒரே மரபணுக் குறையைச் சுமந்திருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்குக் காது கேட்காமல் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு இருந்தால் இரண்டாவதைப் பிறந்த உடனே சோதியுங்கள். பழி பேசுவதில் மாதங்களைக் கடத்த வேண்டாம்.

காக்ளியர் இம்பிளான்ட் (ஆபரேஷன் செய்து உட்காதில் வைக்கும் கருவி) முதலமைச்சர் காப்பீட்டில் 6 வயதுக்குள் கிடைக்கிறது. ஆனால் சீக்கிரம் வைத்தால்தான் பேச்சு வரும், ஆறு வரை காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சுப் பயிற்சிதான் பெரிய வேலை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள், பயிற்சி தமிழில் நடக்கும். அம்மா நாள் முழுக்கப் பேசுகிற மொழியிலேயே முதலில் பயிற்சி கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மெஷின் ரிப்பேர், தருமபுரி:

எங்ககிட்ட வர்றதுல நெறைய மெஷின் கெட்டதே இல்லீங்க. உள்ளங்கையில வச்சு மூடி வால்யூமைக் கூட்டுங்க. விசில் அடிச்சா மெஷின் உயிரோட இருக்கு. மோல்டோட விசில் இல்ல, கழட்டினா அடிக்குதுன்னா மோல்டு துவாரத்துல குறும்பி. மோல்டை மட்டும் கழட்டி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில கழுவி ராத்திரி முழுக்கக் காயவையுங்க. மெஷின்ல தண்ணி படக்கூடாது. ட்யூப்ல நீர்த்துளி நின்னா வாயால ஊதாதீங்க, ஈரம்தான் சேரும். ரப்பர் பல்ப் வச்சு ஊதுங்க. ட்யூப் மஞ்சளாகி வெறைச்சா, அதிகபட்சம் ஆறு மாசத்துல, மாத்திடுங்க. காதுல மாட்டினப்போ ஓயாம விசிலடிச்சா மோல்டு லூசாயிடுச்சு, இல்ல காதுல குறும்பி. வால்யூமைக் குறைச்சு விசிலை நிறுத்தினா கேட்கிறதும் போயிடும்.

பேட்டரிதான் பெரிய தலைவலி. 675 நம்பர் (நீலம்) கிடைக்கலேன்னு கடைக்காரர் எல்.ஆர்.44 கொடுப்பார். சைஸ் ஒண்ணுதான், உள்ள உட்காரும். அது கால்குலேட்டர் செல், பவர் மெஷினுக்குத் தாங்காது. வோல்டேஜ் சீக்கிரம் இறங்கி சத்தம் மங்கும், மெஷின் போச்சுன்னு நினைப்பீங்க. காது பேட்டரி காத்துல வேலை செய்யிறது. ஸ்டிக்கரைப் பிரிச்சு ரெண்டு மூணு நிமிஷம் விட்டு அப்புறம் போடுங்க. திரும்ப ஸ்டிக்கர் ஒட்டினா மிச்சமாகாது. ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல வையுங்க. சின்னப் பசங்க கைக்கு எட்டாத இடமா இருக்கட்டும், பேட்டரியை முழுங்கிட்டா நேரா ஆஸ்பத்திரிதான்.

ஊத்தங்கரை வாசகர்:

நன்றிங்க. ஒரு கேள்வி: எங்க ஊர் போர்த் தண்ணியில ஃபுளோரைடு ஜாஸ்தி. காது போனது அதனாலயா?

ஆடியோலஜிஸ்ட், தருமபுரி:

பல்லும் எலும்பும் கெடுவது அதனால்தான், அதற்குத்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது. காதுக்கும் அதையே காரணமாக்கிவிட்டு மில் இரைச்சலை விட்டுவிடாதீர்கள். 4000 ஹெர்ட்ஸ் பள்ளம் இருக்கிறதா பாருங்கள். இரண்டு காதிலும் சராசரி 60 டெசிபலைத் தாண்டியிருந்தால் மாற்றுத்திறனாளி அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம், அட்டை இருந்தால் கலெக்டர் ஆபீஸ் வளாகத்து மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் இலவசம். போகும்போது ஆடியோகிராம் தாளின் நகலும் எடுத்துப் போங்கள்.